குண்டு படாமல் செத்தவன்

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

உடம்பு எப்படி இருக்கு உனக்கு? கண்ணு எரியுதுன்னு போன தடவை எழுதியிருந்தியே, இப்ப தேவலையா? ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடுற கடையில வேலை பார்த்துக்கிட்டு உன் கண்ணைக் கெடுத்துக்காதே. எனக்கு முட்டி வலியைத் தவிர மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு. போன்ல கூப்பிடலாம்னா, சைக்கிள் ஸ்டாண்டு வாசல்ல பஸ்ஸு உறுமுற உறுமல்ல ஒரு எழவும் காதுல விழாது. அதுவும் இல்லாம, கோபமா இருக்கும்போது நான் போனைப் பாதியில வச்சிடுவேன். இப்ப ரொம்பக் கோபமா இருக்கேன். அதான் எழுதறேன்.

நம்ம ஸ்டாண்டுக்கு நேர் எதிர்ல, நாலு ரோடு கூடற இடத்துல, ஒரு நினைவுத்தூண் கட்டறாங்க. போன சண்டையில செத்த நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்காம். பெரிய கருங்கல் வந்து இறங்கியிருக்கு. நானே போய்த் தொட்டுப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நம்ம பிள்ளை சக்கரம் பேர் எந்த வரிசையில வரும்னு கல் வேலை பண்ற ஆள்கிட்ட கேட்டேன். அவர் கையில இருந்த தாளைக் காட்டினார். நாலு பேர் இருக்கு. உன் புருஷன் பேர் இல்ல.

தப்பா விட்டிருப்பாங்கன்னு நினைச்சு, குழுவுக்குத் தலைவரா இருக்கிற மரக்கடைக்காரர்கிட்ட போனேன். அவர் பலகையை அளந்துக்கிட்டே, நிமிர்ந்துகூட பார்க்காம சொல்றார்: "உங்க பையன் விபத்துல போனவர்மா. இது வீரமரணம் அடைஞ்சவங்களுக்கு."

விபத்தாம். ராணுவ லாரியில சண்டை முனைக்குச் சாப்பாடும் எண்ணெயும் கொண்டு போனவன், மலை ரோடு சரிஞ்சு பள்ளத்துல விழுந்து செத்தா அது விபத்தாம். ஏதோ மாமியார் வீட்டு விருந்துக்குப் போகும்போது குடிச்சிட்டுக் கவிழ்ந்த மாதிரி.

அடுத்த மாசம் ரெண்டாம் ஞாயித்துக்கிழமை குழு கூடுது. நீ வா. நான் கத்தினா கிழவி கத்தறான்னு சொல்லுவாங்க. அவன் பொண்டாட்டி நீ நின்னு நாலு வார்த்தை கேட்டா, பதில் சொல்லித்தான் ஆகணும்.

வேளைக்குச் சாப்பிடு. உடனே பதில் போடு.

உன் அத்தை

*

ஏப்ரல் 16

அன்புள்ள அத்தைக்கு,

முட்டிக்குச் சூடா ஒத்தடம் கொடுங்க. ஸ்டாண்டுல குனிஞ்சு நிமிர்ந்து சைக்கிளை இழுக்காம, ஆளுங்களையே நிறுத்தச் சொல்லுங்க. நான் நல்லா இருக்கேன். கண்ணும் பரவாயில்ல.

பதில் போட இவ்வளவு நாளானதுக்குக் கோபப்படாதீங்க. உங்க கடிதத்தைப் படிச்சதும் உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. விபத்துன்னு சொல்ல அவங்களுக்கு எப்படி வாய் வந்துச்சு? அவர் கடைசியா லீவுல வந்தப்போ, அந்த ரோட்டைப் பத்திப் பேச்செடுத்தாலே வேற பேச்சுக்குப் போயிடுவார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார், "அங்க ராத்திரி வண்டி ஓட்டுறது கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்கற மாதிரி"ன்னு.

கூட்டத்துக்கு என்னால வர முடியல. கடையில கணக்கு முடிக்கிற மாசம், லீவு தரமாட்டாங்க. கூட்டம் முடிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க.

வீடு மாறிட்டேன், புது விலாசம் கீழே இருக்கு. சின்ன வீடுதான், ஆனா ஜன்னல் வழியா நல்ல வெளிச்சம் வருது. வாசக்கதவு பழசா இருந்துச்சு, போன வாரம் பச்சை பெயிண்ட் அடிச்சோம்.

வேற விசேஷம் ஒண்ணும் இல்ல. உடம்பைப் பார்த்துக்கங்க.

உங்கள் மருமகள்

*

ஏப்ரல் 22

அன்புள்ள மருமகளுக்கு,

நான் உசுரோட இருக்கேன், நாக்கும் நல்லா இருக்கு. அதை வச்சுத்தான் கூட்டத்துல பேசிட்டு வந்தேன்.

பள்ளிக்கூடத்துல நடந்துச்சு. சின்னப் பசங்க உக்கார்ற பெஞ்சுல பெரிய மனுஷங்க முட்டியை மடக்கிக்கிட்டு உக்காந்திருந்ததைப் பார்க்க வேடிக்கையா இருந்துச்சு. அதுக்கு மேல சிரிக்க ஒண்ணும் இல்ல. மரக்கடைக்காரர் எழுந்து, "எதிரியோட தாக்குதல்ல உயிர் விட்டவங்க பேர் மட்டும்தான் கல்லுல வரும், அது தீர்மானம்"னார்.

"யாரு போட்ட தீர்மானம்?"னு கேட்டேன்.

"குழு போட்டது."

"குழுன்னா யாரு?"

"நாங்கதான்."

"நீங்களே போட்டதுன்னா நீங்களே மாத்தலாமே. மேல இருந்து இறங்கி வந்ததா என்ன?"

பின்னாடி ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. அவருக்கு முகம் சிவந்துடுச்சு. நான் விடல. "அந்த ரோட்டுல லாரிக்கு லைட் போடக் கூடாதுன்னு உத்தரவு. ஏன்? லைட்டைப் பார்த்தா எதிர் மலையில இருக்கிறவன் சுடுவான். அதனால என் பிள்ளை இருட்டுல ஓட்டினான். ரோட்டுல பாதி இடிஞ்சு போயிருந்தது அவனுக்குத் தெரியல. எதிரி இல்லன்னா அவன் எதுக்கய்யா லைட்டை அணைக்கணும்?"

அதுக்கு அந்த மனுஷன் சொன்ன பதிலைக் கேளு: "லைட்டை அணைக்கச் சொன்னது நம்ம அதிகாரி. எதிரி இல்லையே."

எனக்குத் தலை சுத்திடுச்சு. பட்டறைக்காரர் மட்டும் எழுந்து, "தலைவரே, இது நியாயமா? என் பையன் பேர் இருக்கிற கல்லுல சக்கரம் பேர் இருந்தா எனக்கு என்ன குறைஞ்சிடும்? ரெண்டும் ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்ததுங்க"ன்னார். அப்பதான் மரக்கடைக்காரர் குரல் மாறிடுச்சு. "என் பையன் கடைசி வரைக்கும் சுட்டுக்கிட்டே செத்தான். ரெண்டும் ஒண்ணுன்னா, அவன் செஞ்சதுக்கு என்ன அர்த்தம்?"னு கேட்டுட்டு உக்காந்துட்டார்.

அவரும் பிள்ளையைக் கொடுத்தவர்தான். அந்தச் சேதி வந்த அன்னிக்கு அவர் வீட்டுக்கு முதல்ல ஓடினது நான். ஆனா கண்ணு, அவர் பிள்ளை சாவு பெருசுன்னு காட்ட என் பிள்ளை சாவு மட்டமாகணுமா? சாவுல என்ன முதல் வகுப்பு, மூணாம் வகுப்பு?

ஒண்ணும் முடிவாகல. பார்க்கலாம்னு சொல்லிக் கலைஞ்சுட்டாங்க.

அப்புறம் ஒரு விஷயம். கதவுக்குப் பெயிண்ட் "அடிச்சோம்"னு எழுதியிருக்கே. ஒருத்தியா இருக்கிறவ "அடிச்சேன்"னுதானே எழுதணும்? எனக்கு எழுத்து கூட்டித்தான் படிக்க வரும், ஆனா கூட்டினா எல்லா எழுத்தையும் கூட்டுவேன். நான் ஒண்ணும் கேக்கல. சொல்லணும்னு தோணினா சொல்லு.

உன் அத்தை

*

ஜூன் 5

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்க உடல்நலம் விசாரிச்சு எழுதறேன். உங்களை எந்த முறை சொல்லிக் கூப்பிடறதுன்னு எனக்குத் தெரியல, அதனால அம்மான்னு போட்டிருக்கேன். தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க.

உங்க மருமகள் வேலை பார்க்கிற அதே கடையில, கண்ணாடியை ஃபிரேமுல பொருத்துற வேலை பார்க்கிறவன் நான். ஜனவரி மாசம் நாங்க பதிவு பண்ணிக் கல்யாணம் செஞ்சுக்கிட்டோம். உங்களுக்குச் சொல்லணும்னு அவங்க அப்பலேர்ந்து தவிச்சுக்கிட்டிருக்காங்க. உங்க கடைசிக் கடிதம் வந்ததுலேர்ந்து எத்தனையோ தடவை எழுத உக்காந்து, ஒவ்வொரு தடவையும் கிழிச்சுப் போட்டுட்டாங்க. இப்ப நான் எழுதறது அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா சண்டை வரும்.

எனக்கு உங்க மகனைத் தெரியாது. ஆனா இந்த வீட்டுல அவர் படம் இருக்கு, நான்தான் ஆணி அடிச்சு மாட்டினேன். "மாட்டட்டுமா?"ன்னு கேட்டப்போ அவங்க படத்தை வாங்கித் துடைச்சுக் கொடுத்தாங்க. அப்புறம், "அத்தை வந்தா இதைப் பார்ப்பாங்க இல்ல?"ன்னு மட்டும் கேட்டாங்க.

அவங்களுக்கு உங்ககிட்டதான் பயம், கோபப்படுவீங்கன்னு இல்ல. அடுத்த கடிதம் வராம போயிடுமோன்னு. தினமும் தபால்காரர் போனதும் வாசலைப் பார்த்துட்டு வருவாங்க.

கோபம் இருந்தா என்மேல படுங்க. அவங்களுக்கு ஒரு வரியாவது எழுதுங்க.

வணக்கத்துடன்,
உங்களுக்கு இன்னும் உறவு சொல்லத் தெரியாதவன்

*

ஜூன் 10

மாப்பிள்ளைக்கு,

நீங்க சுகமா இருக்கணும். உறவு சொல்லத் தெரியலன்னு எழுதியிருக்கீங்க, இதோ நான் சொல்லிட்டேன், இனிமே தெரிஞ்சுக்கங்க. என் வீட்டுல வாழ்ந்த பொண்ணு அவ. என் பிள்ளை போன அன்னிக்கு நான் சுவத்துல முட்டிக்கிட்டு அழுதப்போ, என் நெத்திக்கும் சுவத்துக்கும் நடுவுல தன் கையை வச்சவ. அவ எனக்கு மகள். மகளைக் கட்டினவர் மாப்பிள்ளை. இதுல யோசிக்க என்ன இருக்கு?

எனக்குக் கோபம் இருக்கு, இல்லன்னு சொன்னா பொய். கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு இல்ல, எனக்குச் சாப்பாடு போடலன்னு. ஒரு பலகாரம்கூட வாயில வைக்காம எனக்கு ஒரு மாப்பிள்ளை வந்துட்டார்.

உங்க கடிதத்தைப் படிச்சப்போ அழுதேன், அதையும் மறைக்கல. ஒருநாள் முழுக்க ஸ்டாண்டைத் திறக்கல. அழுதது எதுக்குன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது. மறுநாள் எழுந்து வழக்கம்போல திறந்துட்டேன்.

பொண்டாட்டியை "அவங்க, அவங்க"ன்னு எழுதியிருக்கீங்களே, எனக்குப் பயந்துக்கிட்டா? வீட்டுலயும் அப்படித்தான் கூப்பிடுவீங்கன்னா நல்லது, அப்படியே வச்சுக்கங்க.

இதை அவகிட்டயே படிக்கக் கொடுங்க. சண்டை போட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க.

உங்கள் அத்தை

*

ஜூலை 3

அன்புள்ள அத்தைக்கு,

எப்படி இருக்கீங்க? முட்டி? இங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். "இருக்கோம்"னு இன்னிக்குத்தான் மறைக்காம எழுதறேன்.

சண்டை போட்டேன். அப்புறம் உங்க கடிதத்தை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போய் உக்காந்துட்டேன். மகள்னு எழுதியிருக்கீங்க. நான் உங்களை அத்தைன்னே கூப்பிட்டுக்கறேன். அந்த வார்த்தையைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரல.

உங்ககிட்ட சொல்லாததுக்குக் காரணம் ஊர்தான் அத்தை. அவர் இறந்த வருஷம் நான் நீல நிறப் புடவை கட்டிக்கிட்டு மருந்துக் கடைக்குப் போனதுக்கே, "வீரனோட பொண்டாட்டி இப்படியா வர்றது?"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு அவர் அவங்களுக்கு வீரன். என்னை வீட்டுக்குள்ள உக்கார வைக்கணும்னா வீரன், கல்லுல பேர் போடணும்னா விபத்தா?

நான் வந்து பேசினா, "கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனவளுக்கு என்ன பேச்சு?"ன்னு உங்க வாயை அடைச்சிடுவாங்க. என்னால அவர் பேர் கெடக் கூடாது. அதனாலதான் ஏப்ரல்ல வரல. கடையில லீவு கேட்டிருந்தா கொடுத்திருப்பாங்க.

மழைக்காலம் வருது, ஸ்டாண்டுத் தகரத்தைச் சரி பண்ணிக்கங்க.

உங்கள் மருமகள்

*

ஜூலை 21

மரியாதைக்குரிய அம்மையார் அவர்களுக்கு,

தாங்கள் நலமுடன் இருக்க விழைகிறோம்.

பட்டறைக்காரர் உள்ளிட்ட சிலர் வற்புறுத்தியதை முன்னிட்டு, தங்கள் மகனின் பெயரையும் நினைவுத்தூணில் ஐந்தாவதாகப் பொறிக்கக் குழு மனமிசைந்துள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

தங்கள் மருமகளாக இருந்தவர் மறுமணம் செய்துகொண்டதாக நம்பத் தகுந்தவர்கள் மூலம் அறிந்தோம். அவரது சொந்த வாழ்வில் தலையிட எங்களுக்கு எண்ணமில்லை. ஆயினும், வீரர்களின் குடும்பத்தாருக்குரிய இருக்கையில் அவர் அமர்வது பிற குடும்பங்களின் மனத்தைப் புண்படுத்தும். எனவே அவர் திறப்பு விழாவுக்கு வராமல் இருப்பதும், இனி எங்கும் தம்மை வீரரின் மனைவி எனக் கூறிக்கொள்ளாமல் இருப்பதும் அவசியமாகிறது. இதற்குத் தாங்கள் பொறுப்பேற்று உறுதியளித்தால் உடனே பெயர் பொறிக்கப்படும்.

தங்கள் சம்மதத்தை எதிர்பார்க்கும்,
தலைவர், நினைவுத்தூண் குழு

*

ஜூலை 24

அன்புள்ள மருமகளுக்கு,

உங்க ரெண்டு பேர் உடம்பும் எப்படி? எனக்கு ஒரு குறையும் இல்ல. தகரத்தை மாத்தியாச்சு.

தூண் வேலை முடியப் போகுது. அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை திறக்கறாங்க. நீயும் மாப்பிள்ளையும் கண்டிப்பா வரணும். முதல் நாளே வந்துடுங்க, எனக்கு மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கணும். அந்த நீலப் புடவை இருந்தா அதையே கட்டிக்கிட்டு வா.

ஊர்க்காரங்க என்ன சொல்லுவாங்கன்னு யோசிக்காதே. சொல்றவங்களுக்கு வாய் ஒண்ணுதான், நமக்குக் காது ரெண்டு, ஒண்ணுல வாங்கி இன்னொண்ணுல விட்டுட்டுப் போகலாம். பேர் விஷயம் என்னாச்சுன்னு கேப்பே. அது பேச்சுல இருக்கு. அதை நான் பார்த்துக்கறேன், நீ தலையைக் குழப்பிக்காதே.

பஸ்ஸுல ஜன்னல் ஓரமா உக்காராதே, வளைவுல உனக்குத் தலை சுத்தும்.

உன் அத்தை

*

செப்டம்பர் 2

அத்தைக்கு,

நாங்க நல்லபடியா வந்து சேர்ந்துட்டோம். உங்க உடம்பைப் பத்திக் கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுத்தான் மத்தது.

ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க?

அன்னிக்குக் காலையில என்னை ஒரு கையிலயும் இவரை ஒரு கையிலயும் பிடிச்சுக்கிட்டு, வெள்ளைத் துணி போட்ட முன்வரிசை நாற்காலிக்கு நீங்க நடந்தப்போ, எனக்கு ஒண்ணும் புரியல. விழாவைப் பார்த்துக்கற ஒருத்தர் ஓடி வந்து, "அம்மா, நீங்க மட்டும் முன்னாடி வாங்க, அவங்க பின்னாடி"ன்னார். "இவ என் மகள், இவர் என் மாப்பிள்ளை. என்னைப் பின்னாடி உக்கார வைக்கிறதுன்னா மூணு பேரையும் சேர்த்து வை"ன்னீங்க. அவர் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். தலைவர் மேடையில காகிதத்தைத் திருப்பிக்கிட்டிருந்தார். அப்பவே ஏதோ இருக்குன்னு எனக்குப் பட்டுச்சு.

திரை விலகினதும் கல்லைப் பார்த்தேன். நாலு பேர். கீழே வழவழன்னு காலி இடம். தலைவர் ஒவ்வொரு பேரா வாசிச்சார். தன் மகன் பேர் வந்தப்போ குரல் உடைஞ்சுது, எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. நாலாவது பேரை வாசிச்சு முடிச்சுக் காகிதத்தை மடிச்சப்போதான் நீங்க எழுந்தீங்க.

"இன்னும் ஒருத்தன் இருக்கான்."

சத்தம் போட்டுக்கூடச் சொல்லல. ஆனா கூட்டமே கேட்டுச்சு. தலைவர் பேண்டுக்காரங்களுக்குக் கையைக் காட்டினார். அவங்க ஊத ஆரம்பிச்சாங்க. அந்தச் சத்தத்துக்குள்ள நீங்க அவர் பேரைச் சொன்னீங்க. உங்க வாய் அசைஞ்சது மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சுது. பட்டறைக்காரர் தன் கையில கொடுத்திருந்த மலர் வளையத்தை நாற்காலி மேலயே வச்சுட்டு எழுந்து நடந்தார். நாமளும் வந்துட்டோம்.

பஸ்ஸுக்கு நின்னப்போ பட்டறைக்காரர் மனைவி என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "உன் அத்தை மாதிரி ஒருத்தி கிடைக்க மாட்டா. நீ வராம இருந்தா பேரைக் கல்லுல வெட்டறோம்னு குழுவுல எழுதிக் கொடுத்தாங்க. அந்தத் தாளை நாலாக் கிழிச்சு மரக்கடை வாசல்ல போட்டுட்டு வந்தா"ன்னாங்க.

என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனா? வீட்டுலயே இருந்திருப்பேனே! ஒரு நாள் வராம இருக்கறதுல எனக்கு என்ன போயிடும்? கல்லு எத்தனை காலத்துக்கு நிக்கும்! அவர் பேரை விட்டுக் கொடுக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அவர் உங்களுக்குப் பிள்ளைன்னா எனக்குப் புருஷன் இல்லையா? பஸ்ஸுல வழி பூரா அழுதுக்கிட்டே வந்தேன். இவர் என்ன பேசறதுன்னு தெரியாம, வாங்கின கடலையை உரிச்சு உரிச்சு என் மடியில போட்டுக்கிட்டே வந்தார்.

ரொம்பக் கோபமா இருக்கேன். உடம்பைப் பார்த்துக்கங்க.

உங்கள் மருமகள்

*

செப்டம்பர் 9

அன்புள்ள மருமகளுக்கு,

கோபப்படு. நல்லா படு. உன் கடிதத்தைப் படிச்சப்போ எனக்கு ஒரே சந்தோஷம், எனக்குத் தப்பாத பொண்ணுதான்னு.

ஆனா ஒண்ணைச் சரியாப் புரிஞ்சுக்கோ. நான் எதையும் விட்டுக் கொடுக்கல. அவன் பேர் அவனுக்குச் சொந்தம், அதை எனக்கே விக்க வந்தாங்க, நான் வாங்க மாட்டேன்னுட்டேன். அவ்வளவுதான்.

நான் சரின்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசி. விடிஞ்சா ஸ்டாண்டைத் திறந்ததும் எதிர்ல அவன் பேர். ஒவ்வொரு சைக்கிளுக்கும் டோக்கன் கொடுக்கும்போதும் அவன் பேர். அதைப் பார்க்கறப்பெல்லாம், இதுக்காக அவன் ஆசைப்பட்டுக் கட்டின பொண்ணை வாசல்ல நிறுத்திட்டேனேன்னு தோணாதா? அவன் வந்து, "அம்மா, அவ எங்கே?"ன்னு கேட்டா என்ன பதில் சொல்லுவேன்? கல்லைக் காட்டுவேனா?

வீரரின் மனைவின்னு நீ சொல்லக் கூடாதாம். நீ எப்படி வாழ்ந்தேன்னு எழுதி வாங்க இவங்க யாரு? லைட் இல்லாத ரோட்டுல அவன் போனப்போ, ராத்திரி பூரா தூங்காம இருந்தது குழுவா?

உன்கிட்ட சொல்லாதது தப்புன்னா தப்புதான். சொன்னா நீ வரமாட்டேன்னு எனக்குத் தெரியும். எனக்கு நீ வரணும்.

கடலை உரிச்சுப் போட்டாரா? நல்ல மனுஷன். கோபம் ஆறினதும் பதில் எழுது, ஆறலன்னாலும் எழுது.

உன் அத்தை

*

நவம்பர் 18

அன்புள்ள மகளுக்கும் மாப்பிள்ளைக்கும்,

சளி பிடிச்சிருக்குன்னு எழுதியிருந்தியே, விட்டுதா? எனக்கு ஒரு கேடும் இல்ல. கையெல்லாம் கறுப்பா இருக்கு, காகிதத்துல அங்கங்க ஒட்டியிருந்தா கண்டுக்காதே. ஏன்னு சொல்றேன்.

திறப்பு விழாவுக்கு அப்புறம் ஊர் ரெண்டாப் போயிடுச்சுன்னு முன்னமே எழுதினேன் இல்லையா? கடைசியில அதை முடிச்சு வச்சது மரக்கடைக்காரர் மனைவி. அந்த அம்மா இத்தனை வருஷமா வெளியில வாய் திறந்து நான் கேட்டதில்ல. போன மாசம் சந்தை நாளன்னிக்கு, மரக்கடை வாசல்ல ஆளுங்க நிக்கும்போதே புருஷனைப் பார்த்து, "நம்ம பிள்ளை வெறும் வயித்தோடயா சுட்டான்? சோறு யாரு கொண்டு போனது?"ன்னு கேட்டாங்களாம். அவர் எழுந்து உள்ள போயிட்டாராம். பட்டறைக்காரரும் போய், "நீங்க வெட்டலன்னா என்கிட்ட உளி இருக்கு தலைவரே, எழுத்துதான் கோணலா வரும்"னு சொல்லிட்டு வந்திருக்கார்.

நேத்து கல் வேலைக்காரர் வந்து துணியால மறைப்புக் கட்டிக்கிட்டு வெட்டினார். சாயங்காலம் துணியை எடுத்ததும் முதல் ஆளா ஓடினேன். இருந்துச்சு கண்ணு. முழுப் பேரும் இருந்துச்சு. மத்தவங்களுக்கு இருக்கிற அதே அளவு எழுத்து. விரலை வச்சுத் தடவிக்கிட்டே போனேன், பேர் முடிஞ்ச இடத்துல விரல் நிக்கல. அதுக்கப்புறமும் குழி இருந்துச்சு. குனிஞ்சு பார்த்தேன். பேருக்குப் பக்கத்துல அடைப்புக்குறி போட்டு, "விபத்து"ன்னு வெட்டியிருந்தாங்க.

நான் கத்தல. கத்தினா மறுபடியும் கூட்டம், தீர்மானம், பெஞ்சு. ஸ்டாண்டுக்கு வந்தேன். தரை பூசினப்போ மிச்சமான சிமெண்டு கொஞ்சம் இருந்துச்சு. அடுப்புக்கரியை நுணுக்கிப் போட்டுக் குழைச்சேன், கல்லு நிறத்துக்குச் சரியா வர்ற வரைக்கும். இன்னிக்குக் காலையில ஊர் நடமாட்டம் நல்லா வந்தப்புறம், எல்லாரும் பார்க்கட்டும்னு, முக்காலியைப் போட்டு உக்காந்து ஒவ்வொரு எழுத்தா அடைச்சேன். பஸ்ஸுக்கு நின்னவங்க சுத்தி வந்து நின்னாங்க. பட்டறைக்காரர் மனைவி தண்ணிக் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டா.

பாதியில மரக்கடைக்காரர் வந்துட்டார். யாரோ போய்ச் சொல்லியிருக்காங்க. "என்னம்மா பண்றீங்க?"ன்னார்.

"தேவையில்லாத ஓட்டை இருந்துச்சு. அடைக்கறேன்"னேன்.

"இது பொதுச் சொத்து."

"பிள்ளையும் பொதுவுக்குத்தான் கொடுத்தேன்."

நின்னார். அவர் பிள்ளை பேர் என் தலைக்கு நேர் மேல இருந்துச்சு. அதைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். ரொம்ப இளைச்சுட்டார், சட்டைக் கழுத்து தொளதொளன்னு தொங்குது. அப்புறம், "மழை பேஞ்சா கரைஞ்சிடும்"னார். மிரட்டினாரா, சும்மா சொன்னாரான்னு இப்பவும் எனக்குப் புரியல.

"கரைஞ்சா மறுபடியும் குழைப்பேன்"னேன்.

அவர் போயிட்டார். நான் கடைசி அடைப்புக்குறியையும் அடைச்சு, மேல ஈரத்துணியால வழிச்சு விட்டுட்டு வந்தேன். இப்ப அஞ்சு பேரும் ஒரே மாதிரிதான் இருக்காங்க.

நீங்க வரும்போது ஒரு மூட்டை சிமெண்டு வாங்கிட்டு வாங்க, இங்க கடையில எல்லாம் கட்டி கட்டியா இருக்கு. மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு. குளிர்ல தலைக்குத் துணி கட்டாம வெளியில போகாதே.

உன் அத்தை